பக்கத்து வீட்டம்மாவுக்கு ஒரு பேரு

சாயங்காலம் ஏழு மணி ஆனால் ஊரே டிவி முன்னால் உட்கார்ந்து பார்க்கிற அந்தத் தொடரில் எல்லாருக்கும் பெயர் உண்டு. மாமனாருக்கு உண்டு, மருமகளுக்கு உண்டு, எப்போதாவது வந்து குட்டையைக் குழப்பிவிட்டுப் போகிற ஒன்றுவிட்ட சித்தப்பாவுக்கும் உண்டு. ஏன், அந்த வீட்டு நாய்க்குக்கூட உண்டு. பெயர் இல்லாதவள் ஒருத்திதான். சமையலறைப் பின்கதவைத் தள்ளிக்கொண்டு, கையில் ஒரு கிண்ணத்தோடு வருவாளே, அந்தப் பக்கத்து வீட்டம்மா. எழுதிக் கொடுக்கிற காகிதத்திலும் அப்படித்தான் இருக்கும், கடைசியில் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் ஓடுகிற எழுத்திலும் அப்படித்தான் இருக்கும். ஆறேழு வருஷமாக இதே கதை.

ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டாதீர்கள். அந்த அம்மாவின் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றி வசனத்திடம் கேட்டுப் பாருங்கள், சாப்பாட்டை மறந்து சொல்லுவாள்.

வசனம் என்றால், வசனம் எழுதுகிற பெண். படப்பிடிப்பு நடக்கிற இடத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, செய்கிற வேலைதான் பெயர். "கேமரா சாப்பிட்டாச்சா?" "லைட்டு எங்கய்யா போனாரு?" என்றுதான் பேச்சே நடக்கும். இவள் சேர்ந்த முதல் நாளே "ஏம்மா வசனம், இங்க வா" என்று கூப்பிட்டார்கள். முதலில் மூக்கின்மேல் கோபம் வந்தது. ஒரு மாதத்தில் பழகிவிட்டது. அதற்கு முன்னால் வானொலியில் நாடகம் எழுதிக்கொண்டிருந்தவள். இந்தத் தொடருக்கு வந்து அரை வருஷம்கூட ஆகவில்லை.

தொடரில் யாராவது ஒரு சேதி சொன்னால் போதும், கேமரா ஒவ்வொரு முகமாகப் போய் நிற்கும். இடி இடிக்கும், மின்னல் வெட்டும், முழிகள் பிதுங்கும். ஒரே சேதிக்கு ஒரு வாரம் அதிர்ச்சி அடைகிற குடும்பம் அது. பக்கத்து வீட்டம்மா மட்டும் முழியைப் பிதுக்க மாட்டாள். கையில் துடைத்துக்கொண்டிருக்கும் தட்டைத் துடைப்பதை நிறுத்துவாள். அவ்வளவுதான் அவள் செய்வது. பார்க்கிறவர்களும் செய்கிற வேலையை நிறுத்திவிடுவார்கள்.

அந்தப் பின்கதவு இருக்கிறதே, அதற்கு அப்பால் வீடே கிடையாது. ஒரு மின்விசிறி, சுருட்டிப் போட்ட வயர், யாரோ சாப்பிட்டு மூடி வைத்த டிபன் பாக்ஸ், இவ்வளவுதான். அந்த அம்மா வயர் தடுக்காமல் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அங்கே நிற்பாள். டைரக்டர் குரல் கொடுத்ததும் கதவைத் தள்ளுவாள் பாருங்கள், அந்தப் பக்கம் ஒரு அடுப்பு எரிகிறது, ஒரு கோபக்காரப் புருஷன் உட்கார்ந்திருக்கிறான், அவனுக்குத் தெரியாமல்தான் இவள் வந்திருக்கிறாள் என்று நமக்குத் தெரிந்துவிடும். வாயைத் திறந்து அவள் சொல்வதோ "கொஞ்சம் சர்க்கரை இருக்குமா?" என்பது மட்டும்தான்.

அந்தச் சர்க்கரையை வைத்து அவள் பண்ணிய ஒரு காரியம் உண்டு. மருமகள் அந்த வீட்டுக்கு வந்த புதிதில் இந்த அம்மா வந்து ஒரு கிண்ணம் சர்க்கரை கடன் வாங்கிப் போனாள். எழுதினவரே அதை மறந்துவிட்டார். பல மாதம் கழித்து, மருமகளை வீட்டை விட்டு வெளியே போகச் சொல்லி ஆளாளுக்குக் கத்துகிற காட்சி. கூச்சல் ஓய்ந்து எல்லாரும் போன பிறகு பின்கதவில் இந்த அம்மா நிற்கிறாள், கையில் அதே கிண்ணம், தலைதட்டச் சர்க்கரை. யாரும் எழுதவில்லை, யாரும் சொல்லவில்லை. கிண்ணத்தை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனாள். வசனம் அப்போது இந்த வேலைக்கு வரவில்லை. வீட்டில் சோபாவின் ஒரு மூலையில் இவளும் மறு மூலையில் மாமியாருமாக உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள். இரண்டு பேரும் அழுதார்கள், ஒருவருக்கொருவர் தெரியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்கள்.

வசனத்தின் வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. பேச்சும் பெரிதாக இல்லை. தண்ணீர் வந்ததா, கேஸ் தீர்ந்ததா, சாப்பிட்டாயா என்கிற அளவோடு முடிந்துவிடும். அத்தைக்கும் இவளுக்கும் நடுவில் ஓடுகிற ஒரே பாலம் இந்தத் தொடர்தான். வசனம் அதிலேயே வேலைக்குச் சேர்ந்ததும் அத்தைக்கு நாக்கில் இருந்த பூட்டுக் கழன்றுவிட்டது.

"ஏம்மா, அவளுக்கு ஒரு பேரு வைக்கக் கூடாதா?" என்று ஒருநாள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"யாருக்கு அத்தை?"

"அதான், பக்கத்து வீட்டம்மாவுக்கு. நாய்க்கெல்லாம் பேரு வச்சிருக்கீங்க. அவ என்ன பாவம் பண்ணா?"

"வச்சாப் போச்சு. என்ன பேரு வைக்கலாம், நீங்களே சொல்லுங்க."

அத்தை ஒரு துண்டை மடித்து வைத்தாள், அதை மறுபடி பிரித்து மடித்தாள். "என்னையா கேக்குற? எனக்கே ஒரு பேரு இருக்கிறது மறந்து போச்சு. நீ அத்தைங்கிற, அவன் அம்மாங்கிறான், மாடியில இருக்கிறதுங்க ஆன்ட்டிங்குதுங்க. பேரைச் சொல்லிக் கூப்பிட்டது எங்கம்மாவும் உங்க மாமாவும்தான். ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்தாச்சு. இப்ப பேங்க்ல மைக் வச்சுக் கூப்பிடுறான் ஒருத்தன், அதுவும் தப்பும் தவறுமா." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்த வேகத்தில் துண்டோடு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

வசனத்துக்கு அந்தச் சிரிப்பு மனசை அறுத்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அத்தைக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே தனக்குத் தோன்றியதில்லையே என்று வெட்கமாக இருந்தது.

அந்த வாரமே தோதாக ஒரு காட்சி வந்து மாட்டியது. மருமகள் மேல் திருட்டுப் பழி. போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து விசாரிக்கிறார். பக்கத்து வீட்டம்மா அவளுக்காகச் சாட்சி சொல்கிறாள். சாட்சி என்றால் பெயர் கேட்டுத்தானே ஆக வேண்டும்? கேட்டார் போலீஸ்காரர். பக்கத்து வீட்டம்மா சொல்ல வேண்டிய இடத்தில் வசனம் தன் மாமியாரின் பெயரை எழுதினாள். என்ன பெயர் என்று என்னைக் கேட்காதீர்கள். அது அந்த அத்தையின் சொத்து, எடுத்துக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை.

சாப்பிடும்போது சொன்னாள். அத்தையின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"என் பேரா? டிவியிலயா?"

"ஆமா அத்தை. போலீஸ்காரர் கேப்பாரு. அவங்க சத்தமா சொல்லுவாங்க. அப்புறம் மருமக, மாமனாரு, எல்லாரும் அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க."

"அட போடி இவளே," என்றாள் அத்தை. மருமகளை அதுவரை 'டி' போட்டுக் கூப்பிட்டதே இல்லை. தான் சொன்னது தனக்கே கேட்டதும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மகன்காரன் வேறு, "அம்மா, நாளையிலேர்ந்து உன்கிட்ட ஆட்டோகிராஃப் வாங்கிட்டுத்தான் ஆபீஸ் போகணும்" என்று சீண்டினான். மறுநாள் சாயங்காலத்துக்குள் மேல்மாடி, கீழ்மாடி, இஸ்திரி போடுகிறவர், பால் பாக்கெட் போடுகிறவர் என்று ஒருவர் பாக்கி இல்லாமல் சேதி போய்விட்டது. அத்தை எதையும் நேராகச் சொல்ல மாட்டாள். "அடுத்த வாரம் அந்தத் தொடரைப் பாருங்க" என்பாள். ஏன் என்று கேட்டால்தான் சொல்லுவாள். எல்லாரையும் கேட்க வைத்தாள்.

எழுதிய காட்சியை வசனம் கொண்டுபோய்க் கதை சாரிடம் கொடுத்தாள். கதை சார் என்பவர் அந்தத் தொடருக்குத் தலையெழுத்து எழுதுகிறவர். யார் யாருக்குக் கல்யாணம், யார் யாருக்கு ஞாபகமறதி என்பதெல்லாம் அவர் முடிவு. காகிதத்தைப் படித்தவர் பெயர் வந்த இடத்தில் தொடையில் தட்டினார்.

"பேரு வச்சிட்டியா! பலே வசனம், பலே! நானும் வழி தெரியாம முழிச்சிட்டிருந்தேன்."

எதற்கு வழி என்று இவளுக்குப் புரியவில்லை. பாராட்டுகிறார் என்று வாயெல்லாம் பல்லாக வெளியே வந்தாள். வராந்தாவில் ஆர்ட் வேலை பார்க்கிறவர் அளவு நாடாவோடு எதிரே வந்தார்.

"மேடம், பக்கத்து வீட்டம்மா போட்டோ ஒண்ணு வேணும். லேசா சிரிச்ச மாதிரி இருந்தா நல்லது."

"எதுக்கு?"

"கூடத்துச் சுவத்துக்குத்தான். பால்காரர் படத்துக்குப் பக்கத்துல இடம் பாத்து வச்சிருக்கேன். ஃப்ரேம்கூட ரெடி."

வசனம் கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அந்த வீட்டுக் கூடத்தில் வரிசை வரிசையாகப் படங்கள் தொங்குவதை அவள் தினமும் பார்த்திருக்கிறாள். ஏதோ அலங்காரத்துக்கு மாட்டியது என்று நினைத்திருந்தாள். எல்லாம் தொடரில் செத்துப் போனவர்கள் என்பது இப்போதுதான் உறைத்தது. வந்த வேகத்தில் கதை சாரிடம் திரும்பிப் போனாள்.

கதை சார் நிதானமாக விளக்கினார். "இங்க ஒரு வழக்கம் இருக்கும்மா. பேரு வச்சா அந்த ஆளுக்குன்னு தனியா ஒரு கதை ஓடணும், அதைத்தான் ட்ராக்குன்னு சொல்றோம். ட்ராக்னு ஒண்ணு ஓடுனா அது எங்கயாவது போய் முடியணும். ஆம்பளைங்களா இருந்தா வெளிநாடு அனுப்பலாம், ஜெயிலுக்கு அனுப்பலாம். வயசான பொம்பளைக்கு வேற என்ன இருக்கு? மருமகளைக் காப்பாத்தப் போயி, லாரி குறுக்க வந்து, ஆஸ்பத்திரில கடைசியா ஒரு வார்த்தை. ஜனங்க கதறிடுவாங்க. இத்தனை நாள் பேரே இல்லாத ஒப்புக்குச் சப்பாணி, போனா யாரு அழுவா? இப்பதான் நீ வழி பண்ணிட்ட."

"சார், நான் பேரை எடுத்துடறேன் சார்."

"எடுக்கிறதாவது? இந்த அம்மா ட்ராக்னு போன வாரமே சேனல்ல சொல்லியாச்சு, பேருதான் பாக்கியா இருந்துச்சு. நாளைக்குக் காலைல ஷூட்டிங். டேக்ல அவங்க வாயால பேரு வந்துச்சுன்னா ட்ராக் ஆரம்பம். போ, போயி லாரி சீனை யோசி."

வசனம் மேக்கப் அறையைப் பார்த்து ஓடினாள். தொடரிலேயே உயிர் உள்ள ஒரே ஜீவனை, அதன் மேல் உள்ள ஆசையாலேயே தான் கொல்லப் போகிறோம். அதோடு முடிந்ததா? லாரி அடித்துச் சாகப் போவது அத்தையின் பெயர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து, எல்லாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கதறி, கடைசியில் பால்காரர் பக்கத்தில் படமாகத் தொங்கப் போவதும் அத்தையின் பெயர்தான். அதைப் பார்க்கக் கட்டடம் முழுக்க அழைப்பு வேறு போயிருக்கிறது. மாமியாருக்கு இதைவிட ஒரு பரிசு எந்த மருமகளும் கொடுத்திருக்க மாட்டாள்!

மேக்கப் அறையில் அந்த அம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கிண்ணத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அது அவளுடைய சொந்தக் கிண்ணம். வரும்போது பையில் கொண்டு வருவாள், போகும்போது எடுத்துப் போவாள். வசனம் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் கொட்டினாள்.

அந்த அம்மா முதலில் சிரித்தாள். "எனக்கு முன்னாடியே இந்த வீட்டுக்கு ஒரு பால்காரர் வந்துட்டிருந்தாரு கண்ணு. தங்கமான மனுஷன். பேரு வேணும் பேரு வேணும்னு நச்சரிச்சு வாங்கினாரு. வாங்கின அன்னிக்கு எங்களுக்கெல்லாம் சாக்லேட் குடுத்தாரு. இப்ப ரெண்டாவது வரிசையில இருக்காரு." அப்புறம் கை நின்றது. கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னைப் போகச் சொல்லாத கண்ணு," என்றாள். "பேரு இருக்கிறவங்களுக்கு அவங்க கதையைப் பாக்கத்தான் நேரம் இருக்கும். அவங்க அழுதா அவங்களுக்காக அழுவாங்க. எனக்கு அப்படி இல்ல. அந்தக் கதவைத் தள்ளினா அந்த வீட்டுல நடக்கிறது எல்லாம் என்னுதுதான். யாரு சாப்பிடல, யாரு கோவிச்சுக்கிட்டாங்க, யாரு பொய் சொல்றாங்க, எல்லாம் எனக்குத் தெரியும். ராத்திரி வீட்டுல படுத்தாகூட அந்தப் பொண்ணு சாப்பிட்டிருப்பாளான்னு நெனப்பு வருது. பைத்தியக்காரின்னு நெனைக்காத. இந்த வேலை எனக்கு உசுரு."

வசனம் ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டாள். அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். செய்கிற தொழிலில் இப்படி உயிரை வைத்த ஒருத்தியைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை, இனிமேல் பார்க்கப் போவதும் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

"அது சரி, யாரு பேரு வச்ச?"

"எங்க அத்தை பேரு."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"ஊருக்கே தெரியும்."

"அடிப் பாவி! ரெண்டு பக்கமும் இடிதான் உனக்கு." அந்த அம்மா கிண்ணத்தை எடுத்துப் பைக்குள் வைத்தாள். "பேரை நான் சொல்ல மாட்டேன். ஆனா சும்மா வாயை மூடிட்டு நின்னா கட் பண்ணிட்டு இன்னொரு டேக் எடுப்பாங்க. நான் சொல்றதுக்கு ஏதாவது வேணும். அதை நீதான் எழுதித் தரணும், எனக்கு எழுத வராது."

அந்த வீட்டுக் கூடத்தில் மாடிக்கு ஒரு படிக்கட்டு உண்டு. ஏறினால் எங்கேயும் போகாது, பலகைத் தட்டில் முடிந்துவிடும். அதன் அடியில் ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்து வசனம் எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். வானொலி நாளிலிருந்து எத்தனையோ பேரை ஆறு பக்கம் பேச வைத்திருக்கிறாள். இந்த அம்மாவுக்கு நாலு வரி எழுத நாக்கு வறண்டு போயிற்று. நீளமாக எழுதினால் அது அந்த அம்மா பேசுகிற பேச்சாக இல்லை.

மறுநாள் காலை. கதை சார் மானிட்டர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பின்னால் ஆர்ட் ஆள், கழுத்தில் நாடா. போலீஸ்காரராக நடிக்க வந்தவர் அன்றைக்கு மட்டும் கூப்பிட்ட ஆள், காகிதத்தில் அவரும் வெறும் 'போலீஸ்காரர்'தான். அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. டைரக்டர் குரல் கொடுத்தார். பின்கதவு திறந்தது.

"உங்க பேரு?" என்றார் போலீஸ்காரர்.

பக்கத்து வீட்டம்மா அவரைப் பார்த்தாள். பிறகு அந்தக் குடும்பத்தை ஒவ்வொருத்தராகப் பார்த்தாள். "என் பேரா? இத்தனை வருஷத்துல இந்த வீட்டுக்குள்ள இதைக் கேட்ட முதல் ஆளு நீங்கதான் சார்."

காகிதத்தில் இல்லாத பதில். போலீஸ்காரர் ஒரு கணம் தடுமாறினார். ஆனாலும் நல்ல நடிகர், விடவில்லை. "சொல்லுங்கம்மா. எழுதணும்."

"எழுதிக்கிங்க. பக்கத்து வீடு. நடுவுல ஒரு சுவரு. இந்தப் பொண்ணு சிரிச்சாலும் எனக்குக் கேக்கும், அழுதாலும் கேக்கும். சிரிச்சு ரொம்ப நாளாச்சு. திருடுன பொண்ணு இப்படி அழமாட்டா சார். அது எனக்குத் தெரியும், இதோ நிக்கிறாங்களே, இவங்க யாருக்கும் தெரியாது. சாட்சிக்கு என் காது போதும். பேரு எதுக்கு?"

கிண்ணத்தை மருமகளின் கையில் வைத்தாள். "சாப்பிடு," என்றாள். திரும்பிப் போய், எப்போதும் சரியாக விழாத அந்தத் தாழ்ப்பாளை ஒருமுறை தூக்கிப் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். மருமகளாக நடிக்கிற பெண் கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். போலீஸ்காரர் நிஜமாகவே காகிதத்தில் 'பக்கத்து வீடு' என்று எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டார். கட் சொல்ல வேண்டிய டைரக்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"பேரு எங்கய்யா?" என்று கதை சார் எழுந்தார். "இன்னொரு டேக் போங்க!"

டைரக்டர் சாதாரணமாக எதிர்த்துப் பேசாத ஆள். அன்றைக்குப் பேசினார். "சார், அந்தப் பொண்ணு கிளிசரின் இல்லாம அழுதிருக்கா. தொடர் ஆரம்பிச்சதிலேர்ந்து இதுதான் முதல் தடவை. மறுபடியும் வேணும்னா நீங்களே வந்து அழ வச்சுக் காட்டுங்க."

கதை சார் மானிட்டரில் காட்சியை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மாறியது. மனிதர் லாரி ஏற்றிக் கொல்கிறவராக இருந்தாலும் தொழில் தெரிந்தவர். "நாசமாப் போச்சு," என்றார். "இதுக்கு மேல அவங்களுக்குப் பேரு வச்சா நல்லாவா இருக்கும்? விடு. ஆனா சேனலுக்கு ஒரு ட்ராக் சொல்லியாச்சே..." கண் சுழன்று போலீஸ்காரர் மேல் போய் நின்றது. "இவரு நல்லாப் பண்றாரு. ஏம்மா வசனம், இவருக்கு ஒரு பேரு வை."

போலீஸ்காரருக்குத் தலைகால் புரியவில்லை. உடனே போனை எடுத்து வீட்டுக்குச் சொன்னார், "பேரு குடுத்துட்டாங்கடி!" என்று. ஆர்ட் ஆள் கழுத்து நாடாவை எடுத்தபடி அவர் முகத்தை ஒரு தினுசாகப் பார்த்தார். பக்கத்து வீட்டம்மா மின்விசிறிப் பக்கம் நின்று, "ஐயோ, சாக்லேட் வாங்கப் போறாரு" என்று வசனத்தின் காதில் முனகினாள்.

இங்கே தலை தப்பியது. வீட்டில்?

சொல்லிவிட வேண்டும், சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் வசனம் வாயெடுப்பாள். அத்தையோ டிவியைத் துடைத்துக்கொண்டிருப்பாள், அல்லது மேல்மாடியில் நாற்காலி இரவல் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒளிபரப்பு நாள் வந்தேவிட்டது. கூடத்தில் எள் போட்டால் விழாத கூட்டம். அத்தை பெட்டியிலிருந்த நல்ல புடவையை எடுத்து உடுத்தி, தலையைப் படிய வாரி, நடு சோபாவில் உட்கார்ந்திருந்தாள். வசனம் சமையலறை வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"உங்க பேரு?" என்றார் டிவியில் போலீஸ்காரர். அத்தை முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். கூடமே அந்த அம்மா பேச்சில் கட்டுண்டு கிடந்தது, இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். எழுத்து ஓடத் தொடங்கியதும்தான் மேல்மாடிப் பெண் ஒருத்தி கேட்டாள்: "ஆன்ட்டி, உங்க பேரு வரவே இல்லையே?"

அத்தை சட்டென்று எழுந்தாள். "வரலைன்னா என்ன? அவ பேசினாளே, கேட்டீங்களா? அடேயப்பா! எங்க வீட்டுப் பொண்ணு எழுதினது. இருங்க, டீ கொண்டு வரேன்." எல்லாருக்கும் சிரித்த முகமாக டீ கொடுத்தாள், வாசல்வரை போய் வழியனுப்பினாள், இரவல் நாற்காலிகளைத் திருப்பிக் கொடுத்தாள். அப்புறம் சமையலறைக்குள் போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள்.

வசனம் பின்னாலேயே போனாள். "அத்தை, கோவமா?"

"எனக்கென்ன கோவம்?"

"பேரு வச்சா சாகடிச்சிருவாங்க அத்தை. அங்க அப்படித்தான் வழக்கமாம். எனக்குத் தெரியாம போச்சு. லாரி ஏத்தி, சுவத்துல படமா மாட்டிருவாங்க. உங்க பேரை வச்சு எப்படி அத்தை நான்..."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அத்தை திரும்பாமலேயே சொன்னாள். "சாகட்டுமேம்மா. அதுக்கு முன்னாடி நாலு தடவை கூப்பிட்டிருப்பாங்க இல்ல?"

உடனே குழாயை மூடினாள். "ஐயையோ, என் வாயில அடி. அந்தப் புண்ணியவதி நல்லா இருக்கணும். நீ சரியாத்தான் பண்ணியிருக்க. நான் ஏதோ நெனப்புல சொல்லிட்டேன், மனசுல வச்சுக்காத." ஒரு தட்டை எடுத்துத் துணியால் துடைக்க ஆரம்பித்தாள்.

வசனம் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அந்த முதுகைப் பார்த்தாள். நல்ல புடவையின் தோள் மடிப்பு ஒரு பக்கம் கலைந்து கிடந்தது. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் எழுதுகிறாள், போலீஸ்காரருக்கு எழுதுகிறாள், நாய்க்கு எப்போது குரைக்க வேண்டும் என்றுகூட எழுதுகிறாள். இந்த ஒரு மனுஷிக்கு வேண்டியது ஒரே ஒரு சொல். அதை டிவிக்காரன்தான் சொல்ல வேண்டுமா?

நாக்கு கூசியது. கண்ணை மூடிக்கொண்டு, மாமியாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். வெறும் பெயர். முன்னால் பின்னால் அத்தையும் இல்லை, ஒரு 'ங்க'வும் இல்லை.

"ஏய், யாரைக் கூப்பிடுற?" என்று கூடத்திலிருந்து அவள் புருஷனின் குரல் திடுக்கிட்டு வந்தது.

அத்தை தட்டைத் துடைப்பதை நிறுத்தினாள்.

பிறகு, இந்த வீட்டில் யாரும் கேட்டிராத ஒரு சின்னப் பெண்ணின் குரலில், "என்னடி?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. சும்மாத்தான் கூப்பிட்டேன்."

அத்தை திரும்பவில்லை. தட்டை மெதுவாக மேடையில் வைத்தாள்.

"இன்னொரு தடவை கூப்பிடு," என்றாள்.

வசனம் கூப்பிட்டாள்.